இதயத்தின் சுவரில் துளை இல்லை

ஓர் உயிர் வாழ்கிறது என்பதற்கு முதல் அடையாளமாக நாம் தேடுபவை மூச்சும் நாடித் துடிப்புமே. பிறந்த குழந்தை வீரிட்டு அழும்போது மூச்சு வந்துவிட்டது என்று வீட்டார் அல்ஹம்துலில்லாஹ் சொல்கின்றனர். ஸக்கராத்தில் கிடக்கும் முதியவரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கின்றனர். இவ்விரண்டும் தனித்தனிச் செயல்கள் அல்ல. மூச்சு கொண்டுவரும் காற்றும் இதயம் உந்தித் தள்ளும் குருதியும் நுரையீரலுக்குள் சந்தித்தால்தான் உடல் உயிரோடிருக்கும். ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை நுரையீரல்களுக்கு அனுப்புகிறது. அங்கே பிராணவாயுவை ஏற்றுத் திரும்பும் அதே அளவுக் குருதியை உடலெங்கும் செலுத்துகிறது. நம் பிள்ளைகள் பள்ளியில் இதனைப் படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண்ணும் வாங்கிவிடுகின்றனர்.

இந்தச் சந்திப்பு நடக்கும் இடம் நுரையீரல்தான் என்பதை மனிதர் அறிந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று. நமக்குக் கிடைத்துள்ள நூல்களின்படி, அதனை முதன்முதலாக எழுதி வைத்தவர் 13-ஆம் நூற்றாண்டில் திமிஷ்கிலும் கெய்ரோவிலும் வாழ்ந்த அலாவுத்தீன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்குறஷீ (ரஹ்). வரலாறு அவரை இப்னு நஃபீஸ் என்று அழைக்கிறது. அவருடைய பெயர் இப்போது பயான் மேடைகளிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் ஒரே வரியில், பெரும்பாலும் பிழையோடு. ஆகவே அவர் சொன்னது எது, சொல்லாதது எது, சொன்னது ஏன் மறைந்து கிடந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

அவர் எதிர்கொண்ட கருத்து ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழ்பெற்றிருந்த கிரேக்க மருத்துவர் காலன். அரபியர் அவரை ஜாலீனூஸ் என்பர். அவரை எளிதாகத் தள்ளிவிட இயலாது. தமனிகளில் ஓடுவது காற்று என்று அவருக்கு முன்னிருந்தோர் பலர் நம்பியிருந்தபோது, விலங்குகளை அறுத்துப் பார்த்து, அவற்றில் இருப்பது குருதியே என்று நிறுவியவர் அவர். ஆனால் குருதியின் பயணத்தைப் பற்றி அவர் வரைந்த படம் வேறு. உண்ட உணவிலிருந்து கல்லீரல் குருதியை உண்டாக்குகிறது. அது சிரைகள் வழியே உறுப்புகளுக்குச் சென்று, வயலில் பாய்ந்த நீரைப்போல அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. திரும்பி வருவதில்லை. அதில் ஒரு சிறு பகுதி மட்டும் இதயத்தின் வலது அறைக்குள் வந்து, வலத்துக்கும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடித்த சுவரின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இடது அறைக்குக் கசிகிறது. அங்கே நுரையீரலிலிருந்து வரும் காற்றோடு கலந்து ‘ரூஹ்’ உண்டாகிறது.

இங்கே ஒரு சொல்லை விளக்கிவிட வேண்டும். அக்கால மருத்துவர்கள் ரூஹ் என்றது உடலுக்குள் ஓடும் மெல்லிய ஆவி போன்ற ஒரு பொருளை. மார்க்கத்தில் நாம் சொல்லும் ரூஹ் அதுவன்று. இரண்டையும் கலந்து படிப்பவர்கள் அந்நூல்களைத் தலைகீழாகப் புரிந்துகொள்வர்.

காலனின் இந்தப் படத்தை இப்னு ஸீனா (இறப்பு கி.பி. 1037) பெருமளவு அப்படியே ஏற்றுக்கொண்டார். அத்துடன் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, இதயத்துக்கு மூன்று அறைகள் என்றும் எழுதினார். அவருடைய ‘அல்கானூன்’ கிழக்கிலும் மேற்கிலும் மருத்துவத்தின் தாய்நூலாக நின்றது. அந்நூல் சொன்னால் சொன்னதுதான் என்ற நிலை.

இப்னு நஃபீஸ் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷாம் தேசத்தில் பிறந்தவர். சுல்தான் நூருத்தீன் ஸங்கீ 1154-இல் திமிஷ்கில் கட்டிய நூரீ மருத்துவமனையில் பயின்றார். அந்தக் கட்டடம் இன்றும் அந்நகரில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அவருடைய ஆசிரியர் அத்தக்வார் என்று அறியப்பட்ட பெரும் மருத்துவர். பின்னர் கெய்ரோவுக்குச் சென்று, எகிப்தின் தலைமை மருத்துவர் என்னும் நிலைக்கு உயர்ந்தார். அங்கே மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹையும் கற்பித்தார். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் அதே மத்ஹபு. இமாம் தாஜுத்தீன் ஸுப்கீ (ரஹ்) ஷாஃபிஈ அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்தபோது இவரையும் அதில் சேர்த்தார். மருத்துவராக இருந்துகொண்டே ஆலிமாகவும் இருந்தவர் என்பது பிற்காலத்தார் கட்டிய புகழ் அன்று.

அவர் எழுதும் விதம் பற்றி வரலாற்றாசிரியர்கள் சுவையாகக் குறித்துள்ளனர். எழுத அமரும்போது பேனாக்களைச் சீவி அருகில் வைக்கச் சொல்வாராம். சுவரை நோக்கி அமர்ந்து, எந்த நூலையும் புரட்டாமல், வெள்ளம்போல் எழுதிச் செல்வாராம். பேனா மழுங்கினால் அதனை எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பாராம். சீவுவதற்கு நேரம் செலவிடமாட்டார். ஒருமுறை ஹம்மாமில் குளித்துக்கொண்டிருந்தபோது பாதியில் வெளியே வந்து, தாளும் மையும் கேட்டு வாங்கி, நாடித் துடிப்பைப் பற்றி ஒரு சிறுநூலை எழுதி முடித்துவிட்டு, மீண்டும் உள்ளே சென்று குளியலை நிறைவு செய்தார் என்பதும் அவர்கள் சொல்லும் செய்தியே. ‘அஷ்ஷாமில்’ என்ற பெயரில் 300 பாகங்கள் கொண்ட மருத்துவக் களஞ்சியத்தைத் திட்டமிட்டு, 80 பாகங்களை எழுதி முடித்திருந்தார். ஒரு மனிதர் ஒரு வாழ்நாளில் இதனைச் செய்தார் என்பதே திகைக்க வைக்கிறது.

நம் பேச்சுக்கு உரியது அவர் இளமையில் எழுதிய வேறொரு நூல். ‘அல்கானூன்’ நூலில் உடற்கூறு பற்றிய பகுதிகள் ஆங்காங்கே சிதறிக் கிடந்தன. அவற்றை ஒன்றுகூட்டி, ‘ஷர்ஹு தஷ்ரீஹில் கானூன்’ என்ற உரையை எழுதினார். ஹிஜ்ரி 640 (கி.பி. 1242) என்று தேதியிட்ட பிரதி இன்றும் உள்ளது. அப்போது அவருக்கு முப்பது வயதளவே இருக்கும்.

அந்த உரையின் முன்னுரையில் தம் வழியை அவர் தெளிவாக வகுத்துக்கொள்கிறார். ஷரீஅத்தின் தடையும் தம் இயல்பிலுள்ள இரக்கமும் அறுத்து ஆராய்வதிலிருந்து தம்மைத் தடுத்துவிட்டன என்கிறார். ஆகவே உறுப்புகளின் வடிவத்தைப் பொறுத்தவரை முன்னோர்களை, குறிப்பாகக் காலனைச் சார்ந்திருப்பதாகச் சொல்கிறார். ஆனால் உறுப்புகளின் பயன் என்ன, அவை எதற்காகச் செயல்படுகின்றன என்ற வினாக்களில், ஆராய்ச்சியும் நேரிய சிந்தனையும் எங்கே இட்டுச் செல்கின்றனவோ அங்கே செல்வேன். முன்னோர் கருத்தோடு அது ஒத்துப்போகிறதா மாறுபடுகிறதா என்பதைப் பொருட்படுத்தமாட்டேன் என்ற கருத்தை எழுதி வைக்கிறார். உரையாசிரியர் ஒருவர், உரை எழுத எடுத்துக்கொண்ட நூலின் வாசலிலேயே இவ்வாறு அறிவிப்பது எளிய காரியம் அன்று.

அவ்வாறு அறிவித்தவர் உள்ளே சென்று என்ன செய்கிறார்? இதயத்துக்கு மூன்று அறைகள் என்ற இப்னு ஸீனாவின் கூற்றைச் சரியன்று என்கிறார். இரண்டே அறைகள் என்கிறார். (இன்று நாம் நான்கு என்கிறோம். அக்காலத்தார் மேலறைகளைத் தனி அறைகளாகக் கணக்கில் கொள்ளவில்லை. கீழறைகளை மட்டும் எண்ணினால் அவர் கணக்குச் சரி.) அடுத்து அந்த நடுச்சுவருக்கு வருகிறார். அந்த இடத்தில் இதயத்தின் தசை இறுக்கமானது. சிலர் எண்ணியதுபோல் கண்ணுக்குத் தெரியும் துளையும் அதில் இல்லை. காலன் எண்ணியதுபோல் கண்ணுக்குத் தெரியாத துளையும் இல்லை என்று இரண்டு வாயில்களையும் சேர்த்து அடைத்துவிடுகிறார்.

அடைத்த பிறகுதான் வினா கூர்மையாகிறது. வலது அறையில் குருதி இருக்கிறது. இடது அறைக்கு அது சென்றாக வேண்டும். நேர்வழி இல்லை. அப்படியானால் எந்த வழி? வலது அறையிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் பெரிய குழாய் ஒன்று இருக்கிறது. நுரையீரலிலிருந்து இடது அறைக்கு வரும் குழாய் இன்னொன்று இருக்கிறது. குருதி முதற்குழாய் வழியே நுரையீரலுக்குச் சென்று, அதன் உள்ளெங்கும் பரவி, காற்றோடு கலந்து, தெளிந்து, இரண்டாம் குழாய் வழியே இடது அறையை அடைகிறது. இதுவே அவர் கண்ட விடை. இன்றைய பாடநூலில் நுரையீரல் சுற்றோட்டம் என்று நம் பிள்ளைகள் படிப்பது இதனையே.

அவர் அத்துடன் நிற்கவில்லை. அவ்விரு குழாய்களின் அமைப்பைக் கொண்டே தம் விடையை உறுதி செய்கிறார். நுரையீரலுக்குச் செல்லும் குழாய் தடித்து ஈரடுக்காக இருப்பது ஏன்? அதிலிருந்து கசிந்து வெளிப்படுவது மிக நுண்ணியதாக மட்டும் இருக்க வேண்டும் என்பதற்காக. நுரையீரலிலிருந்து வரும் குழாய் மெல்லியதாக இருப்பது ஏன்? கசிந்ததை எளிதில் ஏற்றுக்கொள்வதற்காக. ஆகையால் இவ்விரண்டுக்கும் இடையே வழிகள் இருந்தாக வேண்டும் என்று முடிக்கிறார். தந்துகிகள் எனப்படும் மயிரிழையினும் மெல்லிய குழாய்களை மனிதக் கண் காண்பதற்கு 400 ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாக, அப்படி ஏதோ ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று சிந்தனையால் மட்டும் சென்று சேர்ந்த இடம் அது. அவர் நூலில் நம்மை மிகவும் நிறுத்தி வைக்கும் பகுதியும் இதுவே.

அறுத்துப் பார்க்காமலா இவ்வளவையும் சொன்னார் என்ற ஐயம் எவருக்கும் எழும். ஆய்வாளர்களிடையே இதில் கருத்து வேற்றுமை உண்டு. மூன்று அறைகள் என்ற கருத்தை மறுக்கும்போது, உடற்கூறு ஆய்வே அதனைப் பொய்யாக்குகிறது என்ற பொருள்பட அவர் எழுதுவதைச் சிலர் சுட்டிக்காட்டி, விலங்குகளையேனும் அவர் அறுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்கின்றனர். முன்னுரையில் அவரே தெளிவாக மறுத்திருப்பதை மற்றவர்கள் முன்வைக்கின்றனர். அவருடைய வாக்குமூலத்தை அப்படியே எடுத்துக்கொள்வதே நேர்மை என்பது நம் எண்ணம். தம்மைப் பற்றித் தாமே சொன்னதை, புகழ் கூட்டுவதற்காக நாம் திருத்தி எழுதத் தேவையில்லை.

இனி, அவர் சொல்லாதவற்றுக்கு வருவோம். ஹார்விக்கு 400 ஆண்டுகளுக்கு முன்பே குருதிச் சுற்றோட்டத்தைக் கண்டுபிடித்தவர் இப்னு நஃபீஸ் என்ற வரி நம்மிடையே பரவலாக உலவுகிறது. அதில் பாதிதான் உண்மை. இதயத்திலிருந்து நுரையீரலுக்கும் அங்கிருந்து இதயத்துக்கும் குருதி செல்லும் சிறிய பாதையைத்தான் அவர் கண்டார். உடல் முழுதும் சென்ற குருதி மீண்டும் இதயத்துக்கே திரும்பி வருகிறது என்ற பெரிய பாதையை அவர் காணவில்லை. கல்லீரலே குருதியை உண்டாக்குகிறது, உறுப்புகள் அதனை உட்கொண்டுவிடுகின்றன என்ற பழைய கருத்தில்தான் அவரும் இருந்தார். நுரையீரலில் குருதி காற்றோடு கலப்பது மருத்துவர்களின் அந்த ரூஹை உண்டாக்கவே என்றும் கருதினார். பிராணவாயு என்றொன்று இருப்பதே 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெரியவந்தது.

பெரிய பாதையைக் கண்டவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. 1628-இல் வெளிவந்த அவருடைய நூலின் வலிமை ஒரு சாதாரணப் பெருக்கல் கணக்கில் இருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் குருதியின் அளவை வேண்டுமென்றே குறைத்தே மதிப்பிட்டுக்கொண்டார். அரை மணி நேரத்தில் இதயம் ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கிறது. இரண்டையும் பெருக்கினால், உடலில் உள்ள மொத்தக் குருதியையும் விஞ்சிய அளவு அந்த அரை மணிக்குள் இதயத்தைக் கடக்கிறது. உண்ட உணவிலிருந்து இவ்வளவு குருதி புதிதாக உண்டாக இயலுமா? இயலாது. எனவே அதே குருதிதான் சுற்றிச் சுற்றி வருகிறது. கையில் கட்டுப் போட்டு நரம்பு புடைப்பதை எவரும் செய்து பார்க்கத்தக்க சோதனையாகவும் காட்டினார். இந்தப் பெருமை முழுமையாக அவருடையதே. அதனைப் பறித்து இப்னு நஃபீஸுக்குச் சூட்டுவதால் அவருக்கு உயர்வு வந்துவிடாது. ஹார்வியும் காணாத இணைப்பை, அதாவது தந்துகிகளை, 1661-இல் இத்தாலியின் மால்பீகி நுண்ணோக்கியைக் கொண்டு தவளையின் நுரையீரலில் கண்டார். இப்னு நஃபீஸ் இருந்தாக வேண்டும் என்ற வழிகள் கண்ணுக்குப் புலப்பட்டது அன்றைக்குத்தான்.

இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவில் இருவர் இதே சிறிய பாதையை எழுதியிருந்தனர். ஒருவர் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் மைக்கேல் செர்வெட்டஸ். 1553-இல் வெளிவந்த அவருடைய நூல் மருத்துவ நூலன்று, சமய நூல். அதிலுள்ள சமயக் கருத்துகளுக்காக அவ்வாண்டு அக்டோபர் 27-இல் ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். நூலும் எரிக்கப்பட்டு, மூன்றே பிரதிகள் எஞ்சின. மற்றவர் இத்தாலியின் ரியால்டோ கொலம்போ. 1559-இல் வெளியான அவருடைய நூலை ஹார்வி படித்திருந்தார். இவ்விருவரும் இப்னு நஃபீஸிடமிருந்து எடுத்துக்கொண்டனரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. திமிஷ்கில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்த அல்பாகோ என்ற இத்தாலிய மருத்துவர் இப்னு நஃபீஸின் எழுத்தில் ஒரு பகுதியை லத்தீனில் பெயர்த்தார். அது 1547-இல் வெனிஸ் நகரில் அச்சாயிற்று. ஆனால் அச்சான பகுதி கூட்டு மருந்துகளைப் பற்றியது. இதயத்தைப் பற்றியது அன்று. ஆண்டுகள் இவ்வளவு நெருங்கி நிற்பதைக் கண்டு ஐயம் எழுவது இயல்பே. ஐயம் சான்று ஆகிவிடாது. திருடினார்கள் என்று மேடையில் முழங்குவதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லை.

அதைவிட நம் நெஞ்சைத் தைக்க வேண்டிய கேள்வி வேறு. ஐரோப்பியர் எடுத்தனரா என்பதை விடுவோம். நாம் ஏன் எடுக்கவில்லை? இப்னு நஃபீஸை முஸ்லிம் உலகம் மறந்துவிடவில்லை. அவருடைய ‘மூஜஸ்’ என்ற சுருக்க நூல் நூற்றாண்டுக் கணக்கில் கையேடாக விளங்கியது. அதற்கு உரைகள் எழுந்தன. உரைகளுக்குக் குறிப்புரைகள் எழுந்தன. 15-ஆம் நூற்றாண்டில் நஃபீஸ் இப்னு இவழ் கிர்மானீ எழுதிய உரை ‘நஃபீஸீ’ என்ற பெயரில் இந்திய யூனானி மருத்துவக் கல்வியில் பாடமாயிற்று, உருதுவிலும் வந்தது. மூல நூலான ‘மூஜஸ்’ 1828-இல் கல்கத்தாவில் அச்சேறியது. நம் நாட்டு ஹகீம்களுக்கு அவர் அந்நியர் அல்லர்.

ஆனால் ‘மூஜஸ்’ நூலில் உடற்கூறுப் பகுதி இல்லை. நுரையீரல் வழிப் பாதையும் அதில் இல்லை. மாணவர்க்குத் தேவையான நோயும் மருந்தும் சுருக்கத்தில் வந்தன. ஆசிரியர் தம் இளமையில் தனித்து நின்று சொன்னது விடுபட்டுப் போயிற்று. சுருக்கத்தை மனனம் செய்தவர்கள் பெரிய நூலைத் தேடவில்லை. அச்சு வந்தபோதும் அச்சேறியது சுருக்கமே. ஒருவருடைய பெயரை நூற்றாண்டுகள் உச்சரித்துக்கொண்டே அவர் கண்டதை இழந்துவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நாம் அறிந்தவரை இல்லை.

அந்த உரையின் பிரதி ஒன்று ஜெர்மனியில், பெர்லின் நூலகத்தில் இருந்தது. ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வு செய்துகொண்டிருந்த எகிப்திய இளைஞர் முஹ்யித்தீன் தத்தாவீ அதனைப் படித்தார். காலனையும் இப்னு ஸீனாவையும் மறுக்கும் அந்தப் பகுதியைக் கண்டு, 1924-இல் தம் ஆய்வேட்டில் எழுதினார். ஆய்வேடு அச்சேறவில்லை. கெய்ரோவில் கண் மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே அரபு மருத்துவ வரலாற்றை ஆராய்ந்துவந்த ஜெர்மானிய யூதர் மாக்ஸ் மேயர்ஹோஃபிடம் செய்தி சென்றது. அவர் வேறு பிரதிகளோடு ஒப்பிட்டு, தத்தாவீ கண்டது சரியென்று உறுதி செய்து, 1930-களில் ஜெர்மன் மொழியிலும் ஆங்கிலத்திலும் கட்டுரைகளாக வெளியிட்டார். உலகம் அறிந்தது அப்போதுதான். இப்னு நஃபீஸ் வஃபாத்தாகி ஏறக்குறைய 640 ஆண்டுகள் கடந்திருந்தன.

அவர் வஃபாத்தானது ஹிஜ்ரி 687 துல்கஃதா 21, அதாவது 1288 டிசம்பர் 17. இறுதி நோயின்போது மருத்துவ நண்பர்கள் சிறிது மதுவை மருந்தாக அருந்தச் சொன்னார்கள் என்றும், தம் உடலில் மது இருக்கும் நிலையில் அல்லாஹ்வைச் சந்திக்கமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார் என்றும் வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். தம் வீட்டையும் நூல்களையும், சுல்தான் கலாவூன் கெய்ரோவில் சில ஆண்டுகளுக்கு முன் கட்டிய மன்ஸூரீ மருத்துவமனைக்கு வக்ஃபாக எழுதி வைத்தார். அந்த நூல்கள் பின்னர் பல திசைகளில் சிதறின. ‘அஷ்ஷாமில்’ களஞ்சியத்தில் அவர் தம் கையாலேயே எழுதிய ஏடுகள் சில, இன்று அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவ நூலகத்தில் இருக்கின்றன.